கறுப்புப் பொடி

காலை ஆறே காலுக்கு என் வாஷ்பேசினில் கறுப்பாக எச்சில் துப்பியிருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். ஐம்பத்தாறு வயதில் எல்லாவற்றுக்கும் முதலில் வருவது அதுதான். முந்தின நாள்தான் ஆள் வைத்துத் தேய்த்த பேசின். குழாயைத் திறக்கப் போன கை பாதியில் நின்றது. அந்த வாடை.

பேசின் ஓரத்தில் பழைய ஸ்நோ டப்பா ஒன்று இருந்தது. மூடியைத் திறந்ததும் தும்மல் வந்தது. உள்ளே கண்மை மாதிரி கறுப்புப் பொடி. இருபது வருஷமாக எந்தப் பொருளை எதிர்த்து மனு எழுதினேனோ, மும்பைத் தலைமைச் செயலகமான மந்திராலயாவின் வாசலில் வெயிலில் நின்று தொண்டை வற்றக் கத்தினேனோ, அந்தப் பொருளின் நெடி மாட்டுங்காவில் என் சொந்த பாத்ரூமில் அடித்தது.

டப்பா விஜயலட்சுமியுடையது. இன்னும் எட்டு மணி நேரத்தில் அவள் என்னோடு ஜெனீவாவுக்கு விமானம் ஏற வேண்டும். புகையிலையை ஒழித்தது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லப் போகிறவள் அவள்தான்.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புகையிலையைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கையெழுத்துப் போட்ட நாடுகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசும். கம்பெனிக்காரர்களும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வராந்தாக்களில் நிற்பார்கள். செம்பூரில் இரண்டு அறையில் நடக்கிற எங்கள் சின்ன அமைப்புக்கு இந்த முறை அங்கே பக்கத்து ஹால் ஒன்றில், மதிய இடைவேளையில், ஒரு மணி நேரம் கிடைத்திருந்தது. அதில் விஜயலட்சுமிக்கு ஏழு நிமிஷம். அவள் தமிழில் பேச வேண்டும், நான் மொழிபெயர்க்க வேண்டும். இதற்காக அவளுக்கு பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு பாந்த்ரா குர்லாவில் வரிசையில் நின்று, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஸ்வெட்டர் பேரம் பேசி வாங்கி, ஆறு மாதம் நாயாக அலைந்திருக்கிறேன். ஏழு நிமிஷத்தையும் ஒத்திகை பார்க்கத்தான் முந்தின நாளே என் வீட்டுக்கு வரவழைத்துத் தங்க வைத்தேன்.

விஜயலட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாராவி லேபர் கேம்ப்பில் ஒரு சந்தில் குடித்தனம். கைப்பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கும் கார்கானாவில் வேலை. முதலில் தன் புருஷன் தளவாயின் பீடியை நிறுத்தினாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரனுடையதை. மூன்று வருஷத்தில் அந்தச் சந்தின் அறுபத்திரண்டு வீட்டில் முப்பத்தெட்டு ஆண்கள் பீடியையும் குட்காவையும் விட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் குட்கா விற்றவனைத் துடைப்பத்தோடு துரத்தியவளும் இவள்தான். எங்கள் போஸ்டரில் அவள் படத்துக்குக் கீழே பெரிய பூஜ்யம் ஒன்று போட்டிருந்தோம். அந்தச் சந்தில் புகையிலை உபயோகிப்பவர்கள், பூஜ்யம் பேர்.

அந்தப் பூஜ்யத்தைக் கணக்கெடுத்து எழுதியவள் நான்.

"என்ன மேடம், பேசின அழுக்காக்கிட்டேனா? இந்தா, கழுவி விட்டுருதேன்."

தலையில் துண்டோடு வந்து நின்றாள். நான் டப்பாவை நீட்டினேன்.

"இது என்ன விஜயா?"

"பல்பொடி."

"என்ன பல்பொடி?"

"கறுப்புப் பொடி, மேடம். நானே வறுத்து இடிச்சது. கடையில விக்கிற பேஸ்ட்டு எனக்கு இப்ப ஒத்துக்க மாட்டேங்கு. வாயெல்லாம் எரியுது."

"எதை வறுத்தே?"

"எலையத்தான்."

"எந்த எலை?"

"பொகையிலதான்." அரிசியைத்தான் என்று சொல்வது போலச் சொன்னாள்.

துணி ஊற வைக்கிற பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள்.

"ஐயோ, என்னாச்சு மேடம்? இது தின்னுத பொகையில இல்ல. தவாவுல போட்டு கருகக் கருக வறுத்துருவோம்லா, வெசமெல்லாம் பொகையாப் போயிரும். மிச்சம் வெறுஞ் சாம்பலு. நான் கல்யாணம் ஆகி வந்தப்ப பக்கத்து வீட்டு மராட்டிக்காரி சாந்தா தாயிதான் சொல்லிக் குடுத்தா. அவுக இத மஷேரின்னு சொல்லுவாக. ஈறுக்கு நல்லது. வயிறும் சுத்தமாப் போவும்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்காக அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் இருமியிருக்கிறேன். கண்ணில் நீர் வரும். "சாம்பார்ப்பொடிக்கு வறுக்கறயா விஜயா? எங்காத்து ஞாபகம் வரது" என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மிளகாய் நெடிக்கும் புகையிலை நெடிக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு நான் இருபது வருஷம் புகையிலையை எதிர்த்திருக்கிறேன்.

"வேற யார் தேய்க்கறா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா?"

"நம்ம சந்துல எல்லாரும். பொம்பளைக முந்தியே தேச்சுக்கிட்டுத்தான் இருந்தாக. ஆம்பளைக இப்பத்தான்." அவள் குரலில் ஒரு பெருமிதம் வந்தது. "பீடிய விட்டாகன்னா மொத நாலு நாளு கை நடுங்கும் மேடம். வெளிக்கிப் போவாது. பொண்டாட்டி பிள்ளைய அடிக்கச் சொல்லும். அதுக்குத்தான் இது. ரெண்டு சிட்டிகை ஈறுல வச்சுத் தேச்சுக்கிட்டு செத்த நேரம் உக்காந்தா மனசு அடங்கிரும். பெறவு பீடியத் தேடாது. முப்பத்தெட்டு பேத்துக்கும் நான்தான் வறுத்துக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை."

முப்பத்தெட்டு பேர். எப்படி விட வைத்தாய் என்று நான் கேட்டபோதெல்லாம் "அன்பாச் சொல்லணும் மேடம்" என்பாள். அந்த அன்பை வைத்துப் பதினோரு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். சமூகம் தானே முன்நின்று நடத்திய மீட்பு முறை என்று தலைப்பு. அதைப் படித்துவிட்டுத்தான் எங்களுக்கு ஜெனீவாவில் ஹால் கொடுத்தார்கள்.

"ஏண்டி, மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று கத்தினேன். அவளை அதுவரை ‘டி’ போட்டுப் பேசியதில்லை.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க கேக்கலியே மேடம். கணக்கெடுத்த தாளுல மூணுதான இருந்துச்சு. மெல்லுதது, குடிக்கது, மூக்குப்பொடி. இதுவும் அதுல இருந்திருந்தா நான் விட்டிருப்பனா?"

அவள் சொன்னது உண்மை. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கணக்கெடுப்புத் தாள் முதலில் மராட்டியில் இருந்தது. அதில் நான்கு கட்டங்கள் உண்டு. நான்காவது கட்டம் மஷேரிக்கு. தமிழ்ச் சந்துக்காக நான் அதை மொழிபெயர்த்தபோது தாளில் இடம் போதவில்லை. நம்ம ஜனம் இதெல்லாம் எங்கே தேய்க்கப் போகிறது, இது மராட்டிக் கிராமத்துப் பெண்கள் வழக்கம் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தை வெட்டிவிட்டேன். அவளோ அந்தத் தாளை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அதில் உள்ள மூன்றையும் சந்தை விட்டே விரட்டினாள். அதில் இல்லாதது கெடுதல் இல்லை என்று நம்பினாள்.

பால்கனிக்குப் போய் எங்கள் அமைப்பின் தலைவர் வெங்கடேஸ்வரனுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பத்மஜா, வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"சந்து முழுக்கத் தெரியும் சார். நமக்குத்தான் தெரியலை."

"இப்போ ஒண்ணும் பேசாதீங்கோ. பத்து நாள்தானே? போயிட்டு வந்துடுங்கோ. வந்தப்புறம் எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம். இருபத்தஞ்சு வருஷமா தேய்க்கறவளுக்கு இன்னும் பத்து நாள்ல என்ன ஆயிடப் போறது? கம்பெனிக்காராளுக்கு இது தெரிஞ்சா நம்மளைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவா."

அவர் மேல் எனக்குப் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. ஏனென்றால் பத்து நாள்தானே என்று அவருக்கு முன்னாலேயே நான் நினைத்துவிட்டேன், அதுவும் பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தபோதே. அந்த நினைப்பு வந்த வேகம்தான் இன்று வரை எனக்கு அதிர்ச்சி.

சரி என்று சொல்லி போனை வைத்தேன். உள்ளே போய் உப்புமா கிளறினேன். காப்பி கலந்தேன். பெட்டிகளை வாசலுக்கு நகர்த்தினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாவற்றையும் செய்தேன். விஜயலட்சுமியும் ஒரு மாதிரி சமாதானமாகி, ஏழு நிமிஷத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். தட்டில் உப்புமாவைப் பார்த்ததும் பச்சை மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தாள். அப்புறம் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்தாள்.

"காரமா இருக்கா?"

"இல்ல மேடம், நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒத்துக்க மாட்டேங்கு. கொஞ்சம் தயிரு இருந்தா தாங்க."

நேற்றும் தயிர் சாதம்தான் கேட்டாள். ஐயர் வீட்டில் சாம்பார் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். எள்ளுப் பொடியையும் வத்தக் குழம்பையும் பார்த்தாலே எச்சில் விடுகிற பெண், போன வருஷம் என் டிபன் பாக்ஸில் மோர்மிளகாயைத் தேடித் தின்ற பெண், இப்போது உப்புமாவுக்குத் தயிர் கேட்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"அது கெடக்கு, ஆறேழு மாசமா. ஒதட்டுக்கு உள்ள ஒரு எரிச்சல். பொடி வச்சா அடங்கிரும்."

எரிச்சலை அடக்க, எரிச்சல் கொடுத்ததையே வைத்துத் தேய்த்திருக்கிறாள். காரம் பட்டால் எரியும், பேஸ்ட் பட்டால் எரியும், உள்ளே வெள்ளையாகத் தடித்திருக்கும் என்று நான்தான் மூன்று வருஷமாக ஒலிபெருக்கியில் அறிகுறிகளை வாசிக்கிறேன். அந்த ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவள் இவள். பல் டாக்டர் தாஹிர் அந்தச் சந்தில் இரண்டு முகாம் நடத்தினார். இரண்டிலும் டார்ச் பிடித்தவள் இவள்தான். நூற்றுச் சொச்சம் வாய்க்கு வெளிச்சம் காட்டினாள். டாக்டரின் நாற்காலியில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

ஸ்பூனைக் கீழே வைத்தேன். இனி பேசாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

"விஜயா, நான் சொல்றதைக் கேளு. வறுத்தா அதுல விஷம் போகாது. சாம்பல் இல்லை அது. கறுப்பா இருக்கற புகையிலை, அவ்வளவுதான். பீடி என்ன பண்ணுமோ அதை இதுவும் பண்ணும். தாளுல நாலாவதா இதுவும் இருந்தது. நான்தான் எடுத்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். தன் வாயைத் தொட்டுப் பார்ப்பாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப முத்துச்செல்வி?"

முத்துச்செல்வி அவள் மருமகள். ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

"காலையில வாந்தி வாந்தின்னு கெடந்தா மேடம். நான்தான் ஒரு சிட்டிகை தேச்சுக்கோட்டின்னு குடுத்தேன். மூணு மாசமாத் தேய்க்கா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா? சொல்லுங்க மேடம். ஒண்ணும் ஆவாதுல்லா?"

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அப்போது கீழே இருந்து கார்க்காரன் போன் பண்ணினான். ஏர்போர்ட் வண்டி வந்துவிட்டது.

பெட்டிகளை டிக்கியில் வைத்ததும் டிரைவரிடம் அவளே இந்தியில் சொன்னாள், "பையா, பெஹ்லே தாராவி லேலோ. லேபர் கேம்ப்." நேரே ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டாமா என்று அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொல்கிற இடத்துக்கே போகச் சொன்னேன். வழி நெடுக அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் புது ஸ்வெட்டர் மடித்தபடி இருந்தது.

சந்து முனையில் இறங்கியதும் ஓட ஆரம்பித்தாள். நேரே வீட்டுக்குள் போய், குழாயடியில் குனிந்திருந்த முத்துச்செல்வியின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினாள். "துப்புட்டி! வாயக் கொப்புளி! இன்னும் கொப்புளி!" அந்தப் பெண் மிரண்டுபோய் அழத் தொடங்கினாள். தளவாய் பனியனோடு ஓடி வந்து, "ஏ, ப்ளைட்டுக்குப் போகலியா? என்ன ஆச்சு?" என்றார். தண்ணீர் பக்கெட்டைக் கவிழ்த்துக் காலி செய்து, முதல் டப்பாவை அதில் கொட்டினாள். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

வீடு வீடாக நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் பொடி இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில், டால்கம் பவுடர் டப்பாவில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வெற்றிலைச் செல்லத்தில். எல்லாம் கணக்கெடுக்க நான் போய் உட்கார்ந்து டீ குடித்த வீடுகள். அதீபா வீட்டில் அவளுடைய ஏழு வயதுப் பெண்ணுக்கென்று தனியாகச் சின்ன டப்பா இருந்தது. மூடியில் ஒரு வாத்துப் படம். அதை விஜயலட்சுமி மூடியோடு பக்கெட்டில் போட்டாள்.

"நீதான குடுத்த விஜயா? இப்ப நீயே வந்து பிடுங்குத?" என்று இசக்கி வாசலை மறித்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். முப்பத்தெட்டு பேரில் முதலில் பீடியை விட்டவன் அவன்தான். "பீடிய விடுன்ன, விட்டேன். இதத் தேயின்ன, தேச்சேன். இதுவும் வெசம்னா நாங்க என்னத்ததான் செய்யது? எங்கள என்ன மடையன்னு நெனச்சியா?"

"நான்தான் இசக்கி மடச்சி," என்றாள். "குடு."

"இல்லை, தப்பு என் பேர்ல" என்று நான் குறுக்கே புகுந்தேன். தாளையும் கட்டத்தையும் பற்றிச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்த பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். டப்பாவைக் கொண்டுவந்து பக்கெட்டில் எறிந்துவிட்டு உள்ளே போனான். பக்கெட் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

பதினோரு மணிக்கு வெங்கடேஸ்வரன் கூப்பிட்டார். செக்-இன் ஆச்சா என்றார். நாங்கள் வரவில்லை, போஸ்டரைச் சுவரில் ஒட்ட வேண்டாம், அந்த எண் தப்பு, தப்பு என்று நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் என்னென்னவோ சொன்னார். டாக்டர் தாஹிருக்குப் பேச வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். தாஹிர் முழுவதையும் கேட்டுவிட்டு, மருமகளையும் மாமியாரையும் அன்று மதியமே கூட்டி வரச் சொன்னார்.

விஜயலட்சுமி தன் வீட்டு வாசல்படியில் இருந்தாள். முகாமில் பிடித்த டார்ச்சை ஆணியிலிருந்து எடுத்து, முத்துச்செல்வியை வெளிச்சத்தில் நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் பார்க்கிற மாதிரியே உதட்டைப் பிதுக்கி, கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அவசரப்படாமல் பார்த்தாள். எத்தனையோ முறை பார்த்துப் பழகிய வேலை.

"ஒண்ணும் இல்ல மேடம். சுத்தமா இருக்கு" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து டார்ச்சை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குப் பாருங்க."

கீழுதட்டை மெதுவாகக் கீழே இழுத்தேன். ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில், பொடி வைக்கிற இடத்தில், புளியங்கொட்டை அளவு வெள்ளையாகத் தடித்திருந்தது. அதன் ஒரு ஓரம் சிவந்து புண்ணாகியிருந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை. போஸ்டரில் நாங்கள் போடுகிற படத்தில் இருப்பது போலவே இருந்தது.

"இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு விஜயா."

"பெருசா?"

"டாக்டர்தான் சொல்லணும். இன்னிக்கே போறோம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். தளவாய் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தாளு இருக்கா மேடம்?"

ஜெனீவாவில் காட்டுவதற்காக அசல் தாள்களைப் பையில் வைத்திருந்தேன். எடுத்தேன். முதல் வரி அவள் வீடு. விஜயலட்சுமி தளவாய். மெல்லுவது, இல்லை. புகைப்பது, இல்லை. மூக்குப்பொடி, இல்லை. மூன்றும் என் கையெழுத்து.

"அதுல என்னைய எழுதுங்க."

பேனாவைத் திறந்தேன். எழுத அதில் இடம் இல்லை. மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில், தாளின் விளிம்பில், மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். கோணலாக வந்தது. தலைப்பில் மஷேரி என்று எழுதினேன். அவள் பெயருக்கு நேரே ஆம் என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தது முத்துச்செல்வி" என்றாள்.